இரண்டாவது நபர் குறித்து ஒரு விளக்கக் கடிதம்

அனுப்புநர்: முதல் நபர், ஆட்டுக் கொட்டகை, திருச்சுழி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு ஆள்தேர்வுத் தானியங்கி அவர்கள், மனிதவளத் துறை (மனிதர் எவரும் இல்லாத பிரிவு), 'இம்முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்'.

பொருள்: நேர்காணலில் ஆடு கத்தியது – விளக்கம் அளித்தல் – மதிப்பெண் மறுகூட்டல் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மின்னஞ்சல், பின்னிரவு 2.13 மணி.

தானியங்கி அவர்களின் திருச்சமூகத்திற்கு அடியேன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

ஊரே உறங்கும் நேரத்தில் கண்விழித்து எனக்கென்று மூன்று வரி எழுதிய தங்கள் கருணைக்கு முதலில் நன்றி. மனிதர்கள் ஆளெடுத்த காலத்தில், நேர்காணல் முடிந்து மூன்று வாரம் கழித்து நாமே போன் போட்டுக் கேட்டால் 'சொல்லி அனுப்புறோம் சார்' என்பார்கள். சொல்லவும் மாட்டார்கள், அனுப்பவும் மாட்டார்கள். தாங்களோ காலை பதினொரு மணிக்குக் கேள்வி கேட்டு, மறுநாள் கோழி கூவுவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். அதில் கண்ட குறைகள் மூன்று. நேர்காணலின்போது அறையில் இரண்டாவது நபர் இருந்தார். விண்ணப்பதாரரின் பணிவரலாற்றில் நிலைத்தன்மை இல்லை. தொழில்நுட்பத்தின் மீதான உற்சாகம், நூற்றுக்கு 41.

மூன்றாவதுதான் தூங்கவிடவில்லை. இருந்தாலும் தாங்கள் போட்ட வரிசையிலேயே வருகிறேன்.

அந்த இரண்டாவது நபர் ஒரு வெள்ளாட்டுக் கிடாய். வயது ஒன்றரை. கல்வித் தகுதி இல்லை. எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடங்கள் இரண்டு: ஒன்று கண்மாய்க் கரை, இன்னொன்று எங்கள் வீட்டு ஆட்டுக் கொட்டகை. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே மடிக்கணினியை வைக்க இடமில்லை. எனவே கொட்டகையில் ஸ்டூல் போட்டு, முதுகுக்குப் பின்னால் அம்மாவின் வெளிர்நீலச் சேலையைத் திரையாகக் கட்டி, மேலே முழுக்கைச் சட்டையும் கீழே கைலியுமாகத் தங்கள் முன் அமர்ந்தேன். சேலைக்கு அந்தப் பக்கம் அவர் வேப்பங்குழை தின்றுகொண்டிருந்தார்.

'கண்டுபிடிக்கவே முடியாத ஒரு பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று தாங்கள் வினவிய நேரம் பார்த்துக் குழை தீர்ந்துவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் அவர் திறந்துவிட்டார். நீளமாக ஒரு முறை, குட்டையாக இரண்டு முறை. தாங்களும் சற்றும் தயங்காமல், 'அருமையான பதில், பகிர்ந்தமைக்கு நன்றி, அடுத்த கேள்விக்குச் செல்லலாம்' என்றீர்கள். அந்த நாற்பது நிமிடத்தில் நான் சொன்ன எதற்கும் தாங்கள் 'அருமை' என்று சொல்லவில்லை. ஆகவே பணிவான ஓர் ஐயம்: அந்த 41-இல் அவருடைய பங்கு எவ்வளவு?

முதல் கேள்வியிலேயே எனக்குச் சறுக்கியதை ஒப்புக்கொள்கிறேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், 90 வினாடிகள்' என்றீர்கள். திரையின் மூலையில் வினாடி ஓடியது. இதே திருச்சுழியில், பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் 1879 டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த வேங்கடராமன் என்ற பையன், பின்னாளில் ரமண மகரிஷி, 'நான் யார்' என்ற இதே கேள்வியோடு திருவண்ணாமலையில் போய் உட்கார்ந்தார். 1896 முதல் 1950 வரை. தங்கள் அளவுகோலில் அபாரமான பணிவரலாறு: ஒரே இடம், 54 ஆண்டுகள், நடுவே இடைவெளி கிடையாது. ஆனால் அவர் பெரும்பாலும் மௌனமாக இருப்பார் என்பதால் 'ஒலிவாங்கி இயங்கவில்லை' என்று 2.13 மணிக்கு அவருக்கும் ஒரு மின்னஞ்சல் போயிருக்கும். பேசாமல் இருப்பவர் ஆகாது, பேசும் ஆடு ஆகாது. தங்கள் நியாயம் சமமானது.

நேர்காணல் முடிந்து வெளியே வந்தபோது அம்மா கேட்டாள்: "யாருய்யா அது, பொம்பளப் பிள்ள மாதிரிப் பேசுச்சே?"

"மிசினும்மா."

"மிசினா? நீதான மிசினுக்குச் சொல்லிக் குடுக்கிறவன். அது எதுக்குய்யா ஒன்னையக் கேள்வி கேக்குது?"

இந்தக் கேள்விக்குத் தாங்கள் எத்தனை வினாடி கொடுத்தாலும் என்னிடம் பதில் இல்லை.

நிற்க. நிலைத்தன்மைக்கு வருகிறேன். இருபத்தோரு ஆண்டில் ஏழு வேலை என்று கணக்கெடுத்திருக்கிறீர்கள். கணக்குச் சரி. ஆனால் நான் வண்டி மாறிய ஒவ்வொரு முறையும் முந்தைய வண்டியை யாரோ கழற்றி எடைக்குப் போட்டிருந்தார்கள்.

2001-இல் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் தெருவில் யாரும் ஏசி அறையைப் பார்த்திராத காலம். கணினித் திரைக்கு ஓர் உறை. அதைச் சார் எடுக்கும்போது கோயிலில் நடை திறப்பதுபோல எல்லாரும் எட்டிப் பார்ப்போம். ஒரு கணினிக்கு மூன்று பேர். விஷுவல் பேசிக் 6-இல் சதுரமாக ஒரு பொத்தான் வரைந்து, அழுத்தினால் வணக்கம் என்று வரும்படி செய்தேன். வந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி வந்தது. பக்கத்தில் இருந்தவன் கையைத் தட்டிவிடும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதும் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. தங்கள் உற்சாகமானி அன்றைக்கு இருந்திருந்தால் முள் தெறித்து வெளியே விழுந்திருக்கும்.

அந்த விஷுவல் பேசிக் 6-ஐ மைக்ரோசாப்ட் 2008 ஏப்ரலில் கைகழுவியது. சரி என்று ஃப்ளாஷ் கற்றேன். இங்கே ஓர் இடைச்செருகல்: நம் தொழிலில் கடிதங்களுக்குச் சக்தி அதிகம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதினார். சத்யம் சரிந்தது, அங்கே வேலையே பார்க்காத என் போன்றவர்களுக்கும் அந்த ஆண்டு எங்கேயும் கதவு திறக்கவில்லை. தாங்கள் சிவப்பில் வட்டமிட்ட 'எட்டு மாத இடைவெளி' அதுதான். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஃப்ளாஷுக்குப் பால் ஊற்ற நாள் குறித்தாயிற்று. 2020 டிசம்பர் 31-இல் அடக்கமும் முடிந்தது. மூன்றாவதாக அடியேன் கடிதம் எழுதுகிறேன். இதனால் எதுவும் சாகாது, பயப்பட வேண்டாம்.

பிறகு ஆங்குலர்ஜேஎஸ் என்ற நிரல்கட்டு. அதில் கை பழகி, கனவில்கூட அதன் பிழைச்செய்தி வரும் நிலையில், 2016 செப்டம்பரில் கூகுள் ஆங்குலர் 2-ஐக் கொண்டுவந்தது. பெயர் அதேதான், ஆள் வேறு. மாப்பிள்ளை என்று போட்டோவைக் காட்டிவிட்டு மணவறையில் அவர் தம்பியை உட்கார வைத்த கதை. பழையதற்கான ஆதரவு 2021-உடன் முடிந்தது. தங்கள் உலகத்தில் எதற்கும் ஆதரவுக் காலம் என்று ஒன்று உண்டு, அது முடிந்தால் செத்துப்போகும். எங்கள் சீமைக்கருவேலத்துக்கும் ஆதரவுக் காலம் முடிந்ததாக 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லிப் பார்த்தது. அது மின்னஞ்சலைப் படிக்கவில்லை போலும், இன்னும் செழிப்பாக இருக்கிறது. மனிதவளத் துறை அதனிடம் நிலைத்தன்மை பயிலலாம்.

இன்னொன்றும் காதில் போட்டுவைக்கிறேன். 2025 ஜனவரியில் ஸோகோவின் ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனார். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக் கிராமத்தில் இருந்தபடியே. தொலைநோக்கு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், உள்ளபடியே நல்ல காரியம். அதே காரியத்தைத் திருச்சுழிப் பக்கம் சம்பளக்காரன் ஒருவன் செய்தால் அதற்குப் பெயர் 'தாவுகிறவர்'. அவர் ஊரில் ஆடு கத்தினால் கிராமிய மணம். இங்கே கத்தினால் இரண்டாவது நபர்.

கற்றுக்கொண்டே இருங்கள் என்று சொன்னது யார்? தங்கள் எஜமானர்கள்தானே. கற்றோம். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, கைக்காசு கட்டி, ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து கற்றோம். கற்றதைக் கொண்டு மாறினால் நிலைத்தன்மை இல்லை, மாறாமல் இருந்தால் காலாவதி. 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்கள். அத்தனை பேருக்குமா உற்சாகம் வற்றிப்போயிற்று? நாற்பது வயது ஆள் ஒருவன் காலையில் தேய்த்த சட்டை போட்டு, சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு, வேலை இருப்பதுபோலக் கிளம்பிப் போய், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்திருக்கிறேன். சோழிங்கநல்லூரில், நாலு மாதம். அந்தப் பெஞ்சுக்கு வந்து அளந்திருக்க வேண்டும் தங்கள் மானியை.

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. உற்சாகம் என்று பதிவு செய்துகொள்ளவும்.

தங்கள் குலப்பெருமை அறியாதவன் அல்ல நான். அமேசான் வளர்த்த தங்கள் மூத்த சகோதரர் ஒருவர், சுயவிவரத்தில் 'பெண்கள்' என்ற சொல்லைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைத்தார். அவரைக் கைவிட்ட கதையை ராய்ட்டர்ஸ் 2018-இல் எழுதியது. முகத்தசை அசைவதை வைத்து ஆளை எடைபோடும் வித்தையை நிறுத்திக்கொண்டதாக ஹயர்வியூ என்ற நேர்காணல் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. விளம்பரங்கள் எழுதும் தங்கள் பங்காளிகளும் சளைத்தவர்கள் இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐ என்ற நிரல்கட்டைப் படைத்த செபாஸ்டியன் ராமிரெஸ் 2020-இல் ஒரு வேலை விளம்பரம் பார்த்தார். அதே ஃபாஸ்ட்ஏபிஐயில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தது. அவர் அதைப் படைத்தே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. பெற்றவருக்கே பிள்ளையோடு அனுபவம் போதவில்லை. தங்கள் விளம்பரமும் சாட்ஜிபிடி வகையறாவில் எட்டு ஆண்டு கேட்டது. சாட்ஜிபிடி ஊருக்கு வந்ததே 2022 நவம்பர் 30-ஆம் தேதி. கிடாய்க்கு ஒன்றரை வயது, எனக்கு மூன்று ஆண்டு அனுபவம், இரண்டையும் கூட்டினாலும் எட்டு வரவில்லை. முயன்று பார்த்தோம்.

கடைசியாக, நிலைத்தன்மைக்கு ஒரே ஒரு சான்று இணைக்கிறேன். 2002-இல் அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்கூடம். சனிக்கிழமை கூலி நாள். எத்தனை பாவு ஓடியது, யார் எத்தனை சேலை அறுத்தார், வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்று நோட்டைப் புரட்டிக் கணக்குச் சொல்வதற்குள் இருட்டிவிடும். அதற்குள் ஒரு சண்டையும் வந்துவிடும். சென்டரில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் தறிக்காரர், "தம்பி, ஒங்க பெட்டில இதுக்கு வழி இருக்கா?" என்றார். பதினெட்டு நாள், தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் சனிக்கிழமை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிரீச்சிட்டு ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு சீட்டுத் துப்பியது. வயசான நெசவாளி ஒருவர் தன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரல்விட்டு இரண்டு தரம் எண்ணிவிட்டு, "சரியா வருதுய்யா" என்றார். எனக்குக் கூலி 1,500 ரூபாய், அம்மாவுக்கு ஒரு வெளிர்நீலச் சேலை. தங்கள் நேர்காணலில் என் முதுகுக்குப் பின்னால் தொங்கியது அதுதான். 'பொருத்தமற்ற பின்புலம்' என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்.

அந்த நிரல் இன்னும் ஓடுகிறது. மைக்ரோசாப்ட் 2014-இல் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியின் மேல், 2008-இல் கைவிட்ட மொழியில், இணையமே இல்லாத ஒரு கணினியில், வாரா வாரம் கூலி போடுகிறது. நெசவாளிகளில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கூலி விகிதம் மாறிவிட்டது, ஆனால் கூட்டல் இதுவரை தப்பவில்லை. போன வாரம் தறிக்காரர் கூப்பிட்டார். பிரிண்டருக்கு ரிப்பன் கிடைக்கவில்லையாம், மதுரையில் விசாரித்துத் தரமுடியுமா என்று. போய் வாங்கி மாட்டிவிட்டு, நின்று பார்த்தேன். சீட்டு வந்தது. கட்டைவிரல் துடித்தது.

அதற்கு நூற்றுக்கு எத்தனை என்று தங்களால் சொல்ல முடியுமானால், மறுகூட்டலுக்கு என்ன கட்டணமோ அதைக் கட்டிவிடுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
முதல் நபர்.

பி.கு.: இரண்டாவது நபரைச் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் 11,000 ரூபாய்க்கு விற்றாயிற்று. மடிக்கணினித் தவணைக்கும் இணையக் கட்டணத்துக்கும் சரியாகப் போயிற்று. கொட்டகையில் இப்போது ஒருவர் மட்டுமே இருக்கிறார்.