நடுக்கடலில் நண்பகல் உணவு: பாலிங் வட்டார மக்களின் இன்னிசைக் கப்பல் விருந்து குறித்து ஓர் ஆய்வு (முதற்பாகம்)

துறைமுகத்தைச் சுற்றிக் கப்பல் மெல்ல ஊர, மேல்தளத்தில் ஒருவர் கிட்டார் மீட்ட, வெள்ளைத் துணி விரித்த மேசையில் மதிய உணவு உண்பதை உலகம் ஓர் இன்பமாகக் கருதுகிறது. சிட்னியில் இதற்கென்றே கப்பல்கள் ஓடுகின்றன. இவ்வின்பம் தமிழருக்குப் புதிது என்பர் ஒரு சாரார். இதைக் கண்டுபிடித்ததே தமிழர்தாம் என்பர் இன்னொரு சாரார். முதற்சாரார் ஆராயாதவர்கள்; இரண்டாம் சாரார் ஆராய்ந்தும் திருந்தாதவர்கள். இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கும் உண்மையை மீட்பதே இக்கட்டுரையின் நோக்கம். மீட்க முடியாமற் போனாலும் பதவி உயர்வுக்கான புள்ளிகள் கிடைக்கும்.

ஆய்வுக் களம் பாலிங். கெடாவின் உட்பகுதியில், தாய்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் இம்மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் மலை இருக்கிறது, உலு லெகோங்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, கெட்டில் ஆறு ஓடுகிறது, திரும்பிய பக்கமெல்லாம் பால்மரம் நிற்கிறது. கடல் மட்டும் இல்லை. ஆகவே கடற்பயணத்தை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆய்வுப் பொருளின் பக்கத்திலேயே குடியிருப்பவனுக்கு நடுநிலை வராது (காண்க: இக்கட்டுரையாளரின் 'படகும் பசியும்', எழுதப்படவிருக்கும் நூல்).

மேலும், மதிய உணவைப் பற்றிக் கவலைப்படுவதில் பாலிங்குக்கு நெடிய மரபு உண்டு. இவ்வூரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோரைப்பல் அரசன் ராஜா பெர்சியோங், சமையல்காரர் விரலை வெட்டிக்கொள்ள, இரத்தம் கீரைக் கறியில் சொட்டியதால்தான் கெட்டுப்போனான் என்கிறது கதை. ருசி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் நாட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அக்கதை வரும் 'ஹிக்காயாட் மெரோங் மஹாவங்சா' ஒரு கடற்பயணத்தோடுதான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கப்பல்களைக் கருடன் தாக்கி மூழ்கடிப்பதால், விருந்து உல்லாசமாக நடந்ததாகக் கொள்ள இடமில்லை.

1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கும் பாலிங் பள்ளிக்கூடமொன்றில் உட்கார்ந்து பேசியதை உலகமே அறியும். அங்கே கப்பலும் இல்லை, பாட்டும் இல்லை. நம் ஆய்வுக்கு அது உதவாது.

முன்னோர் சான்றுகளுக்கு வருவோம். கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றதும் நம் அறிஞர்கள் இருக்கையைவிட்டு எழுந்து நின்று பேசத் தொடங்குவது வழக்கம். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடற்படை அனுப்பிக் கடாரம் கொண்டான். தஞ்சைப் பெரிய கோயில் மெய்க்கீர்த்தி அவன் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. வீரர்கள் மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. இந்த மௌனத்தைக் கண்டு மயங்கக்கூடாது. மெய்க்கீர்த்தி மறுக்காத எதையும் மெய்க்கீர்த்தி ஒப்புக்கொண்டதாகவே கொள்ளலாம் என்பது இன்று பல பன்னாட்டுக் கருத்தரங்குகளில் நிலைபெற்றுவிட்ட நெறி. பன்னாட்டுக் கருத்தரங்கு என்பது, ஒரு நாட்டார் தொண்ணூறு பேரும் வேறு நாட்டார் ஒருவரும் கூடி மதிய உணவு உண்ணும் நிகழ்ச்சி. அந்த ஒருவராக இக்கட்டுரையாளர் போயிருக்கிறார். சாப்பாடு நன்றாகவே இருந்தது.

பட்டினப்பாலையில் வரும் காழகத்தைக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். ஆக, கெடாவிலிருந்து கப்பலேறிக் காவிரிப்பூம்பட்டினத்துக்குப் பொருள் போயிருக்கிறது. அப்பொருள் கட்டுச்சோறாக இருந்திருக்கலாமா? இருந்திருக்கக்கூடாது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை (ஒப்பு நோக்குக: 'படகும் பசியும்', திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு வருமுன்பே திருத்தப்பட்டது).

இனி வகைப்பாடு.

முதல் வகை, செல்வந்தர் வகை: விட்டுவிடலாம், அவர்களே தங்களைப் படமெடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகை, லங்காவி வகை. பாய்மரக் கப்பலின் பின்புறம் கடலில் ஒரு வலையைத் தொங்கவிட்டு, அதில் பயணிகளை உட்காரவைத்து இழுத்துப் போகிறார்கள். வலையில் அகப்படுவதற்குக் காசு கொடுக்கும் உயிரினம் கடலில் இது ஒன்றுதான்.

மூன்றாம் வகை, குவாலா கெடாவிலிருந்து லங்காவிக்கு ஓடும் ஃபெர்ரி. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம், உடலை விறைக்கவைக்கும் குளிரூட்டி, தொலைக்காட்சியில் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருப்பார்கள். இசை உயிரோடு இல்லை. பயணிகளும் பாதி உயிரோடுதான்.

நான்காம் வகை, ராஜுலா. 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம்வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம் பாட்டன் பாட்டிகளை ஏற்றி இறக்கிய கப்பல். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரன்கள் நாம். அதை இன்பச் சுற்றுலாவின் வரிசையில் வைக்க இக்கட்டுரையாளரின் பாட்டி சம்மதித்திருக்கமாட்டார்.

ஐந்தாம் வகையே நம் ஆய்வுப் பொருள்: பட்டர்வொர்த் – பினாங்கு ஃபெர்ரி, தைப்பூசக் காலம், பாலிங் வட்டாரப் பயணிகள். பாடனோ, பத்து பெக்காகா போன்ற தோட்டங்களிலிருந்து விடிவதற்குள் வேனிலோ லோரியிலோ கிளம்பி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெர்ரியில் கடலைக் கடந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டம். 1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகும் இந்தக் கூட்டம் ஃபெர்ரியை விடவில்லை. பாலத்தின்மேல் பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது வழிச்சாப்பாடு. கடல்மேல் சாப்பிட்டால்தான் விருந்து.

புலாவ் ரிமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான் என்று தீவுகளின் பெயர் தாங்கிய அந்தப் பழைய இரண்டடுக்குக் கப்பல்கள், கரையைவிட்டுக் கரை சேரக் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும். பக்கச் சுவர் கிடையாது. காற்று ஒரு புறம் நுழைந்து மறுபுறம் போகும். கட்டணம் கடைசிக் காலத்தில் ஒரு ரிங்கிட் இருபது சென். அதையும் பட்டர்வொர்த் பக்கம் மட்டுமே வாங்குவார்கள்; திரும்பி வருவது இலவசம். இதிலிருந்து ஒரு முக்கியப் பொருளாதார விதி பிறக்கிறது. போகும்போது விரதம், ஆகவே புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். வரும்போது விரதம் முடிந்தது, கட்டணமும் இல்லை, ஆகவே நாசி கண்டார். தோளில் தண்டு வைத்து இருபுறமும் சோறும் கறியும் தொங்கவிட்டு, பினாங்குத் துறைமுகக் கூலிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடு அது. துறைமுக மதிய உணவு எங்கே தொடங்கியது என்று சிட்னிக்காரர்களைக் கேட்கவேண்டியதில்லை.

ஆனால் சோற்றைப் பற்றி எழுதுவோர் ஏராளம். சோற்றுப் பொட்டலத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் மூன்று தலைமுறை அறிஞர்கள் ஓய்வூதியம் வாங்கிவிட்டார்கள். இந்த அநீதியைக் களைய இக்கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது.

வளையம் எங்கிருந்து வந்தது? விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாலிங் பால்மரத்தில் அம்மா கீறிய கோட்டிலிருந்து வந்தது. மங்கில் சொட்டி, வாளியில் சேர்ந்து, ஆலைக்குப் போய், கப்பலேறி, ஊர் சுற்றி, மளிகைக் கடையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கி, கடைசியில் அதே அம்மாவின் புளிச்சோற்றுப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடலைக் கடக்கிறது. 1974இல் ரப்பர் விலை சரிந்து சாமான் விலை ஏறியபோது பாலிங்கின் சிறுதோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காக ஊர்வலம் போனார்கள். வளையத்துக்குள் சோறு இருக்குமா என்பதே அந்த ஆண்டின் கேள்வி.

வளையம் கழற்றப்படும் கணத்தை ஆய்வுலகம் 'பிரிப்புக் கணம்' என்கிறது. இங்கே ஆய்வுலகம் என்பது இக்கட்டுரையாளர். இக்கணத்தைத் துல்லியமாக வரையறுக்கக் களஆய்வு நடத்தப்பட்டது. தகவலாளி, பெண், வயது சொல்ல மறுத்தவர், உறவுமுறையில் அத்தை.

"அத்தே, பொட்டலத்தப் பிரிக்க எது சரியான நேரம்?"

"பசிச்சா பிரிக்க வேண்டியதுதான்."

"கரைய விட்டு எவ்வளவு தூரம் போனதும்?"

"உனக்கு வேற வேலயே இல்லியாய்யா? இந்தா, ஒரு வாய் வாங்கிக்க."

தகவலாளி உணவுக்கும் தொலைவுக்கும் உள்ள தொடர்பை அகவயமாக மறுதலிப்பதோடு, ஆய்வாளரைப் பங்கேற்பாளராகவும் மாற்றிவிடுகிறார். இவ்வகை முறையியல் சிக்கலை ஐரோப்பிய அறிஞர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரியவில்லை. புளிச்சோறு கிடைக்காததால் அவர்களுக்கு இச்சிக்கல் எழாமலேயே இருக்கலாம்.

கழற்றிய வளையம் எங்கே போகிறது? இதில் மூன்று மரபுகள் உண்டு. மணிக்கட்டு மரபு: அத்தைமார் அதைக் கண்ணாடி வளையலுக்கும் தங்க வளையலுக்கும் நடுவே ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து அது பின்னர் சின்னப் பெண்ணின் சடைக்கும், மிஞ்சிய விபூதிப் பொட்டலத்துக்கும், ஊர் திரும்பிய பிறகு மிளகாய்த்தூள் பைக்கும் போகும். சட்டைப்பை மரபு: கிராணிமாருக்கு உரியது, ரப்பர் வளையத்தைப் பேனாவோடு சேர்த்து வைத்துக்கொள்வதால் தாளைக் கட்டும் அதிகாரம் தங்களிடமே இருப்பதாக உணர்வார்கள். மூன்றாவது சுண்டு மரபு, சிறுவருடையது. இதிலிருந்தே இசை பிறக்கிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வளையத்தை இழுத்து, காதருகே வைத்து, நடுவிரலால் தெறித்தால் ஒரு சுரம் எழும். இழுக்க இழுக்கச் சுரம் ஏறும். விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூ'லில் வில்யாழ், பேரியாழ், மகரயாழ் என்றெல்லாம் ஆராய்ந்தார். ஒற்றை நரம்பு கொண்ட இந்தப் பொட்டலயாழை அவர் காண நேரவில்லை. அவர் பட்டர்வொர்த் பக்கம் வந்து கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தால் நூல் இன்னும் பெருத்திருக்கும் (விரிவுக்கு: 'படகும் பசியும்', மூன்றாம் தொகுதி, நாற்பத்தோராம் அடிக்குறிப்புக்கான அடிக்குறிப்பு, அணிந்துரை எழுத இசைந்த பேராசிரியர் நூலைப் படிக்கக் கேட்கவில்லை, பொன்னாடை பட்டா பருத்தியா என்று மட்டும் கேட்டார், அதற்கான விடை நான்காம் தொகுதியில்).

சிறுவன் தெறிக்கிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் மாமா, டி.எம்.எஸ். குரல் தனக்கு வாய்த்திருப்பதாகப் பல ஆண்டுகளாக நம்பி வருபவர், தொண்டையைச் செருமுகிறார். முருகன் பாட்டு ஒன்று எழுகிறது. கீழ்த்தளத்தில் கார்களுக்கு நடுவே நிற்கும் இளைஞர்கள் உறுமியைத் தோளில் மாட்டி, வளைந்த குச்சியால் தோலை இழுத்து உரசுகிறார்கள். மேல்தளத்தின் இரும்புத் தரையே அதிர்கிறது. புளிச்சோற்றில் கிடக்கும் வேர்க்கடலை ஒன்று தாளத்துக்கு உருள்கிறது. அப்போது கப்பல் சங்கு ஊதுகிறது. மாமாவின் சுருதியும் கப்பலின் சுருதியும் சேர்ந்ததா என்பதில் பயணிகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. "கப்பல்தான் கொஞ்சம் தப்பா ஊதிருச்சு" என்பது மாமாவின் முடிவு. அவர் மகள், "அப்பா, கரை வந்திருச்சு, கைய கழுவுங்க" என்பாள். நுழைவுச்சீட்டு விற்றுக் கச்சேரி வைப்பவர்கள் இப்படியொரு நிறைவை எங்கே கொண்டுவருவார்கள்?

2020 டிசம்பர் முடிவோடு அந்தப் பழைய கப்பல்களில் பயணிகள் போவது நின்றது. அடுத்த நாளிலிருந்து விரைவுப் படகுகள். 2023 ஆகஸ்டில் புதிய ஃபெர்ரிகள் வந்தன. குளிரூட்டிய அறை, வசதியான இருக்கை, மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் இடம் உண்டு, காருக்கு இல்லை. பயணம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வேகத்தைக் குறை சொல்ல இக்கட்டுரையாளர் வரவில்லை. வேலைக்குப் போகிறவருக்கு அது தேவைதான். ஆனால் வளையத்தைக் கழற்றி, இலையை விரித்து, முதல் கவளம் உருட்டுவதற்குள் ஜார்ஜ்டவுன் வந்துவிட்டால் பிரிப்புக் கணம் என்ற கோட்பாடே ஆட்டம் காண்கிறது. பாட்டுக்குப் பல்லவியோடு கரை தட்டுகிறது. அனுபல்லவியை ஜெட்டியில் பாடினால் மக்கள் விலகிப் போகிறார்கள்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஃபெர்ரியில் பொட்டலம் பிரித்தபோது கழற்றிய ரப்பர் வளையம் யாரிடமாவது இன்னும் இருந்தால், அறுந்திருந்தாலும் பரவாயில்லை, கழற்றியவர் யார், போகும்போதா வரும்போதா, உள்ளே என்ன சோறு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அதைச் சுற்றிக் கட்டி வையுங்கள். இரண்டாம் பாகத்துக்குத் தேவைப்படும். வளையம் இல்லாதவர்கள் வரும் தைப்பூசத்துக்குப் புதிய ஃபெர்ரியிலாவது போய், பொட்டலத்தை வரிசையில் நிற்கும்போதே பிரித்துவிடுங்கள், நேரம் போதாது.