நனைந்த மூட்டை

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். குடோன் வாசலில் நூல் மூட்டைகளை நிறுக்கிற எடைமேடை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை காலையிலும் திங்கட்கிழமை காலையிலும் மூட்டையோடு மூட்டையாக நானும் அதில் ஏறி இறங்குவேன். வீட்டில் மகள் வாங்கித் தந்த கண்ணாடி எடைமெஷின் இருக்கத்தான் செய்கிறது. அது டைல்ஸுக்கு டைல்ஸ் பேச்சு மாறும். சாமி ரூம் ஓரமாக வைத்தால் ஒரு கிலோ தள்ளுபடிகூடக் கிடைக்கும். கணக்கனுக்கு அதெல்லாம் ஒத்துவராது. மில் தராசுக்குத்தான் வருஷா வருஷம் அரசாங்க முத்திரை விழுகிறது. முத்திரை இல்லாத தராசு சொல்கிற எடையும் பில் இல்லாமல் வந்த சரக்கும் ஒன்று.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை 84.60 காட்டியது. ஒரு மாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி எட்டிப் பிடித்த எண். திங்கட்கிழமை ஏறினேன். 86.35. பிசகில்லாமல் ஒன்றே முக்கால் கிலோ. பக்கத்தில் நின்ற லோடுமேன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் சார், மூட்டை மழைல நனஞ்சு போச்சுங்களா?"

குடோனே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு என் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவே கை கூசியது.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா. அதில் விசேஷம் ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை தளி ரோட்டில் ஒரு தோட்டத்துக் கருப்பராயன் கோயிலில் கெடா வெட்டு. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொங்கு நாட்டுப் பந்தியில் 'போதும்' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் செல்லாது. முதல் தடவை "போதுமுங்க" என்றால், ஆள் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். இரண்டாம் தடவை சொன்னால், இன்னும் ஒரு கரண்டிதான் வேண்டும், ரெண்டு வேண்டாம் என்று அர்த்தம். மூன்றாம் தடவை முகத்தைச் சுளித்துச் சொன்னால் வாளிக்காரர் போய்விடுவார். ஆனால் நேரே விருந்துக்காரரிடம்தான் போவார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் இலைக்கு முன்னால் வந்து குனிந்து, "ஏனுங், நம்மூட்டுச் சோறு புடிக்கலீங்களா?" என்பார். இதற்குப் பதில் சொல்ல எந்த டயட் புத்தகமும் கற்றுத்தரவில்லை.

இலைக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தும் பார்த்திருக்கிறேன். "கைய எடுங்கோ, சுட்டுறப் போகுது" என்று சொல்லி முடிப்பதற்குள் எலும்புக் குழம்பு புறங்கை வழியாக இலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சுட்ட கையை நக்கித்தானே ஆற்ற முடியும்? அப்படித்தான் அன்றைக்குக் குடல் வறுவல், ரத்தப் பொரியல், சுக்கா எல்லாம் வரிசையாக உள்ளே போயின. தலைக்கறியை மட்டும் நானாகக் கேட்டு வாங்கினேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்ததும் ஆரம்பித்தது குற்ற உணர்ச்சி. அது வயிற்றில் கறி இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நெஞ்சுக்குழியில் உட்காரும். மோர் குடித்தால் கறி இறங்கும். இது இறங்காது. படுத்த வாக்கிலேயே பேரம் தொடங்குவேன். நாளைக்கு வெறும் கொள்ளு ரசம். செவ்வாய் ராகிக் களி. சர்க்கரையை இந்த ஜென்மத்தில் தொடுவதில்லை. வெள்ளாடு ஒன்றுக்கு நாலு நாள் பட்டினி என்று மனசுக்குள் ஒரு தவணைத் திட்டமே தயாராகிவிடும்.

கொள்ளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொலவடை சொல்லும். சொன்னவர் கொங்கு வீட்டுக் கொள்ளுப் பருப்பைச் சாப்பிட்டிருக்க மாட்டார். வெந்த கொள்ளை வரமிளகாயும் பூண்டும் சீரகமும் சேர்த்து ஆட்டுக்கல்லில் கரகரவென்று ஆட்டி, சுடுசோற்றில் போட்டு, மேலே நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால், வழக்கமாகச் சாப்பிடுவதைவிட ஒரு கை சோறு கூடத்தான் போகும். இளைக்க வந்த மருந்துக்கு எண்ணெய் தனிக் கணக்கு.

எடையை ஏன் குறைக்க வேண்டும் என்று என் அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "எளச்சுப் போயிட்டயே சாமி" என்றுதான் தினமும் சொல்கிறாள். டாக்டருக்குப் புரிகிறது. என் உயரம் 168 செ.மீ. உயரத்துக்கும் எடைக்கும் பார்க்கிற உடல்நிறைக் குறியீடு எனக்குக் கிட்டத்தட்ட 30. வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை மன்னிப்பு உண்டு. நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன். இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். என்னுடையது 102. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பெரியவர்களில் 100-க்கு 39.5 பேருக்குத் தொப்பைப் பருமன் என்றது. படித்ததும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல், தனியாள் இல்லை. அந்த அரை ஆள் யார் என்றுதான் யோசித்தேன். என் இடுப்புக்கு மேலே தெரிகிற பாதியாக இருக்கலாம்.

அம்மா பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முந்தின காலத்தில் வளர்ந்தவள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அன்றாடம் கம்மஞ்சோறும் சோளச்சோறும்தான். நெல்லுச்சோறு நோம்பி நொடிக்கு. கறி வருஷத்துக்கு நாலைந்து தடவை. அந்த நாலைந்து தடவையும் வயிறு புடைக்கத் தின்றால்தான் மரியாதை. இப்போது நோம்பி வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறாக வருகிறது; தின்கிற மரியாதை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. எங்கள் அப்புச்சி விடிகாலையில் மாடு பூட்டிக் கவலை இறைத்தவர். நான் ஏசி ரூமில் உட்கார்ந்து டேலி ஓட்டுகிறேன். அவருடைய கவலையில் கிணறு வற்றியது. என்னுடைய கவலையில் ஒரு கிராம்கூட வற்றுவதில்லை.

பரிகாரமும் செய்து பார்த்தேன். தைப்பூசத்துக்கு உடுமலையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடை, அப்புறம் மலையில் 693 படி. கணக்குப்படி ரெண்டு விருந்தாவது கரைந்திருக்க வேண்டும். ஆனால் தைப்பூச வாரத்தில் அந்த ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், அது ரோடே இல்லைங்க, முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பந்தி. இங்கே பொங்கல், அங்கே தக்காளிச் சோறு, மடத்துக்குளம் தாண்டினால் சுண்டல், நடுநடுவே டீ, பிஸ்கட், ஆரஞ்சுப் பழம். வேண்டாம் என்றால் கொடுக்கிறவர் புண்ணியத்தில் கை வைத்த பாவம் வேறு. மலை இறங்கி, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பஞ்சாமிர்தத்தை ஒரு டப்பா வாங்கி, பஸ்ஸிலேயே மூடியைத் திறந்தேன். மில் தராசில் ஏறியபோது 400 கிராம் கூடியிருந்தது. முருகனைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவர். சாப்பாட்டு விஷயத்தில் அவரிடம் போய் யோசனை கேட்டது என் தப்பு.

ஐப்பசியில் ஏறிய அந்த ஒன்றே முக்கால் கிலோவைச் சொல்லி, கோயமுத்தூரில் வேலை பார்க்கிற மகளிடம் போனில் புலம்பியிருந்தேன்.

"அப்பா, நீங்க கணக்குப் புள்ளதானே? ஒரு கிலோ கொழுப்புன்னா சுமாரா 7,700 கலோரி. ஒன்றே முக்கால் கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்க" என்றாள்.

பெருக்கினேன். 13,475. பரோட்டாவுக்கு 300 என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 45 பரோட்டா ரெண்டே நாளில் உள்ளே போயிருக்க வேண்டும். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. அப்படியானால் மிச்ச எடை எங்கிருந்து வந்தது? உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜனாகச் சேரும்போது கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு உட்காரும். இன்னும் வெளியேறாத கறியின் சொந்த எடை வேறு. மூணு நாலு நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும் என்றாள்.

லோடுமேன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பருத்தி நூல் ஈரம் குடிக்கும், 8.5 சதவீதம் வரை வியாபாரத்திலேயே ஒப்புக்கொண்ட கணக்கு. மழைக்காலத்து மூட்டையின் எடையை வைத்து எந்த மில்லிலும் நூல் கூடிவிட்டது என்று எழுத மாட்டோம். இனம் தெரியாத தொகை வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு நாலு நாள் பார்ப்போம். முப்பது வருஷமாக மில்லுக்குச் செய்ததை எனக்குச் செய்துகொள்ளத் தோன்றவில்லை. திங்கட்கிழமை ஈரத்தை நிகர நஷ்டமாக எழுதி, அதற்கு வட்டியும் கட்டிக்கொண்டிருந்தேன்.

வட்டி என்று சும்மா சொல்லவில்லை. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களுக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள். அப்புறம் ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். டயட்டில் இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்த வயிற்றுக்கு ஏற்றபடி ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்கள்தான் மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் கெட்டாச்சு, இனி என்ன என்ற மனசு. முழுக்க நனைந்தபின் முக்காடு எதுக்கு என்று நம் பாட்டிமார்கள் ஐஸ்கிரீம் செலவில்லாமலே சொல்லிவைத்திருக்கிறார்கள். 2014-இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இன்னொரு ஆய்வு. சாக்லேட் கேக் என்றதும் மனசில் வருவது கொண்டாட்டமா, குற்ற உணர்ச்சியா என்று கேட்டார்கள். குற்ற உணர்ச்சி என்றவர்களுக்குச் சாப்பாடு தன் கட்டுக்குள் இல்லை என்ற நினைப்பு அதிகமாக இருந்தது. ஒன்றரை வருஷத்தில் எடையைக் கட்டிக்காப்பதிலும் அவர்களே பின்தங்கினார்கள்.

இதை வீட்டம்மாவிடம் வெற்றிக் களிப்போடு படித்துக் காட்டினேன். கேக் என்று வந்த இடத்தில் எல்லாம் ஒப்புட்டு என்று மாற்றிப் படித்தேன்.

"ஏனுங்க, வருத்தப்படாம தின்னா எளைக்கும்னு அதுல எங்க போட்டிருக்குது?" என்றாள்.

போட்டிருக்கவில்லை.

சரி, தணிக்கையே நடத்திவிடுவோம் என்று நாலு வாரம் உள்ளே போனதை எல்லாம் ஒரு பேரேட்டில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை உபரி, கெடா வெட்டு இருந்தாலும்கூட, 2,000 கலோரி சுமார். திங்கள் முதல் வெள்ளி வரை பார்த்தேன். சர்க்கரை போட்ட டீ மூன்று. நாலு மணிக்கு வடை ரெண்டு, ராத்திரி டிவி முன்னால் ஒரு கை மிக்சர். ஒரு கை என்பது எழுதும்போது மூன்று கை ஆனது. நாளுக்கு 600 என்று வைத்தாலும் அஞ்சு நாளைக்கு 3,000. அதாவது நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத நாளைவிட, ஒழுக்கமாக இருந்ததாக நினைத்த நாட்களில்தான் அதிகம் தின்றிருக்கிறேன். அதிலும் திங்கட்கிழமை வடை மற்ற நாளைவிட ஒன்று கூடுதல். காலையில் தராசைப் பார்த்த துக்கத்துக்கு.

மில்லிலும் இதே கதைதான். பெரிய செலவுக்கு வவுச்சர் இருக்கும், ரெண்டு கையெழுத்து இருக்கும், முதலாளி கேள்வி கேட்பார். பெட்டிகேஷில்தான் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை கெடா ஊரறிய வெட்டப்பட்டது. சாட்சிக்கு நானூறு பேர். நாலு மணி வடைக்கு சாட்சி யார்? அதைச் சுற்றி வந்த பழைய பேப்பர். திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பத்துக்கு ஆறு குறளைச் சாப்பாட்டுக்கே ஒதுக்கியிருக்கிறார். செரித்ததா என்று பார், பசித்ததா என்று பார், அளவைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். தின்றதற்காக உட்கார்ந்து வருத்தப்படு என்று ஆறில் ஒன்றிலும் சொல்லக் காணோம்.

இப்போது டீக்குச் சர்க்கரை கிடையாது. நாலு மணிக்கு வடைக்குப் பதில் வேகவைத்த நிலக்கடலை. காலையில் நேதாஜி மைதானத்தில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அங்கே என்னோடு நடக்கிற நாலு பேரில் மூன்று பேர் முடித்ததும் நேரே பஜ்ஜிக் கடைக்குத்தான் போகிறார்கள், அது அவரவர் பேரேடு. மிக்சர் டப்பாவை வீட்டம்மா எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும். ஐப்பசியில் 84.60 ஆக இருந்தது, நேற்று முன்தினம் சித்திரை வெள்ளியில் 81.90. ஆறு மாதத்தில் இரண்டு கிலோ எழுநூறு. விளம்பரத்தில் போடுகிற மாதிரி ஒன்றும் இல்லை. லோடுமேன் மட்டும், "மூட்டை காஞ்சிருச்சாட்ட இருக்குதுங் சார்" என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு மடத்துக்குளத்தில் கெடா வெட்டு. பத்திரிகை இல்லாமல் நேரில் வந்து அழைத்தார்கள், தட்ட முடியாது. கையைக் குடை பிடிக்கப் போவதில்லை, புறங்கை இன்னும் எரிகிறது. திங்கட்கிழமை யாராவது எடைமேடைப் பக்கம் என்னைக் கண்டால், தயவுசெய்து சீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.