ஆசார வீட்டின் கொல்லைக் கதவு

1999 நவம்பர் 16 அன்று எக்ஸ்எஸ்எல்டி 1.0 என்ற மொழிக்கு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி முத்திரை குத்தியது. ஒரு பக்கம் எக்ஸ்எம்எல்லைப் போட்டால் மறுபக்கம் எச்டிஎம்எல் வரும். அருமையான மாவு மிஷின்தான். ஆனால் மடிசார் கட்டிய மிஷின். வேரியபிளுக்கு ஒருமுறை மதிப்புக் கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்றினால் தீட்டு. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பில் அச்சடிக்க உட்கார்ந்தவன் “இன்னைக்கு என்ன தேதி?” என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கும். அந்த வீட்டில் கடிகாரமும் கிடையாது, காலண்டரும் கிடையாது.

ஆசாரம் வகுத்தவர்கள் விவரமானவர்கள். விதிப்புத்தகத்தின் 14-ஆம் பிரிவில் சத்தமில்லாமல் ஒரு கொல்லைக் கதவு வைத்திருந்தார்கள். பெயர் எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன். நேம்ஸ்பேஸ் முன்னொட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வெளி மொழியைக் கூப்பிடலாம். எப்படிக் கூப்பிடுவது என்பது அவரவர் சாமர்த்தியம். விதியின் எடிட்டர் ஜேம்ஸ் கிளார்க்கே, தாம் எழுதிய எக்ஸ்டி மென்பொருளில் ஜாவாவுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டிருந்தார். குருக்களே பின்வாசலில் காபி வாங்கிக் குடித்தால் ஊர் சும்மா இருக்குமா? ஸாலன் என்ற இன்னொரு மென்பொருளும் ஜாவாவை அழைத்தது. மைக்ரோசாஃப்ட் ஒருபடி மேலே போய் தன் ஜேஸ்கிரிப்ட் மொழிக்கு ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே, அதாவது எக்ஸ்எஸ்எல்டி நிரலுக்குள்ளேயே, பாய் விரித்தது. ஆளுக்கொரு முன்னொட்டு. ஒரு வீட்டில் சமர்த்தாக ஓடிய ஸ்டைல்ஷீட்டை அடுத்த வீட்டில் “நீ யாரு?” என்று கேட்டார்கள்.

எப்படியும் வரத்தான் போகிறார்கள், வாசல் வழியாகவே வரட்டும் என்று 2000 டிசம்பரில் 1.1 வரைவு ஸ்கிரிப்ட் என்ற புது எலிமென்டை நீட்டியது. பொங்கியது ஊர்! ஆசாரம் போச்சு என்று மனு எழுதிக் கையெழுத்து வேட்டையே நடந்தது. 2001-ல் 1.1-ஐ மூட்டை கட்டினார்கள். 2.0 வேலை வந்துவிட்டதாம்.

கொல்லைக் கதவு அப்படியே கிடந்தது. பிஎச்பி 5 அதன் தாழ்ப்பாளையும் கழற்றியது. கதவைத் திறக்கும்போது இன்னின்ன ஃபங்ஷன் மட்டும் என்று பட்டியல் கொடுக்க மறந்தால் எதை வேண்டுமானாலும் அழைக்கலாம், கோப்பை அழிக்கிற ஃபங்ஷன் உட்பட. ஊர் பேர் தெரியாதவன் கொடுத்த ஸ்டைல்ஷீட்டை ஓட்டுகிறவருக்குத் துணிச்சல் அதிகம்.

2007 ஜனவரி 23. 2.0 வந்தது, தேதி சொல்லும் ஃபங்ஷனோடு. மணி கேட்டு ஏழு வருஷம் கழித்துப் பதில்! பிரவுசர்களோ 1.0-விலேயே உட்கார்ந்துவிட்டன. அங்கே இன்னமும் விட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.