ஜூம் அதிகம், காசு கம்மி!

கே: டெக்சாஸில் வேலை. நண்பர்களோடு 1,000 கெஜ இலக்குச் சுடும் பயிற்சிக்குப் போகிறேன். ரைபிள் வாங்கியதிலேயே கை வறண்டுவிட்டது. மலிவாக ஒரு ஜூம் ஸ்கோப்பு சொல்லுங்களேன்.

ப: ரைபிளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ஸ்கோப்புக்குச் சில்லறை பொறுக்குகிறவர் நீங்கள் மட்டுமல்ல. கடையில் முதலில் கண்ணில் படுவது 6-24x50 என்கிற எண்தான். 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும். முன் லென்ஸின் விட்டம் 50 மில்லிமீட்டர். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடுவது இதை. நீங்கள் பார்க்க வேண்டியதோ ஸ்கோப்பின் தலையில் இருக்கும் குமிழை.

உங்களுடையது .308 என்றும், 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். குமிழைத் தொடாமல் 1,000 கெஜ இலக்கைச் சுட்டால் குண்டு 30 அடிக்கும் மேல் இறங்கிவிடும். இலக்குக்கு ஆபத்தே இல்லை! அந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் குமிழைத் திருகுகிறோம். பல ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர். ஆயிரம் கெஜத்துக்கு நூறு கிளிக்கைத் தாண்டித் திருக வேண்டியிருக்கும். நூறு திருகினால் நூறு நகர்கிறதா, திரும்பி வந்தால் பழைய இடத்திலேயே நிற்கிறதா? மட்டமான ஸ்கோப்பு வாய் கூசாமல் பொய் சொல்வது இங்கேதான்.

கே: அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வழி?

ப: தோட்டாச் செலவே இல்லாத வழி இருக்கிறது. துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பாருங்கள். பிறகு அசையாதபடி ஒரு பிடிப்பில் இறுக்குங்கள். சரியாக 100 மீட்டரில் ஒரு அளவு டேப்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, குறுக்குக்கோட்டை அதன் மேல்பகுதியில் ஒரு எண்ணில் நிறுத்துங்கள். குமிழை ‘மேலே’ என்ற பக்கம் நூறு கிளிக் திருகினால் கோடு டேப்பில் கீழே இறங்கும். பதறாதீர்கள், அப்படித்தான் இறங்க வேண்டும். ஒரு மீட்டர் இறங்கியதா? திருப்பித் திருகினால் கிளம்பிய எண்ணுக்கே வந்ததா? வராவிட்டால், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: அமெரிக்க மைதானத்துப் பலகைகள் கெஜத்தில் இருக்கும். 100 கெஜம் என்பது 91 மீட்டர்தான். அதை மறந்துவிட்டு நல்ல ஸ்கோப்பைத் திட்டாதீர்கள்.

கே: 24 மடங்கு போதுமா, 32-க்குப் போகலாமா?

ப: டெக்சாஸ் வெயிலில் 32 மடங்கு வைத்துப் பார்த்தால், கொதிக்கும் இட்லிப் பானையின் ஆவிக்கு அந்தப்புறம் இலக்கு நெளிவதுபோல் இருக்கும். கானலும் சேர்ந்துதானே பெரிதாகிறது! வெளிச்சமும் குறையும். முன் லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 10 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டர், 24-இல் இரண்டு சொச்சம். 24 மடங்கு வாங்கியவர்களே வெயில் ஏறினால் 12, 16 என்று இறக்கிக்கொள்கிறார்கள். 1965-இல் 1,000 கெஜத் துப்பாக்கி சுடும் போட்டியான விம்பிள்டன் கோப்பையை வென்ற அமெரிக்க மரைன் வீரர் கார்லோஸ் ஹாத்காக், பிறகு வியட்நாமில் வழக்கமாகத் தூக்கிய வின்செஸ்டர் மாடல் 70-இல் இருந்தது 8 மடங்கு உனர்ட்ல் ஸ்கோப்பு. ஜூமே கிடையாது.

கே: முதல் குவியத்தளம், இரண்டாம் குவியத்தளம்... தலை சுற்றுகிறது.

ப: முதல் வகையில் ஜூமோடு குறிக்கோடுகளும் வளரும், எந்த மடங்கிலும் கோட்டின் அளவு சரியாக இருக்கும். இரண்டாம் வகையில் கோடு அப்படியே நிற்கும். அளவு ஒரே ஒரு மடங்கில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். குமிழைத் திருகியே சுடுகிறவருக்கு இரண்டாவதே போதும், செலவும் குறைவு.

கே: கண் அசைந்தால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தோன்றுவதைச் சரிசெய்யும் பேரலாக்ஸ் குமிழ் அவசியமா?

ப: அவசியம்.

கே: பிராண்டு பெயரைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே!

ப: வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிகல், ஆத்லான் ஆர்கோஸ். இரண்டாம் குவியத்தளமே போதும் என்றேன்; ஆனால் இவை இரண்டிலும் 6-24x50, முதல் குவியத்தளமே கிடைக்கும். சில நூறு டாலரோடு முடிந்துவிடும். வோர்டெக்ஸ், லூப்போல்டு இரண்டின் ஆயுள் உத்தரவாதமும் அடுத்த கைக்கு மாறினாலும் செல்லும், அதனால் பழசு வாங்கவும் தயங்க வேண்டாம். எல்லாக் காசையும் ஸ்கோப்பிலேயே தீர்த்துவிடாமல், அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்களுக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். வளையம் தளர்ந்தால் எந்த பிராண்டும் காப்பாற்றாது.

கே (வேறொரு வாசகர்): நான் கடலூர்க்காரன். மகளை ரைபிள் பயிற்சியில் சேர்க்கப்போகிறேன். அவளுக்கு எந்த ஸ்கோப்பு?

ப: உங்கள் ஊரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். அதே பிரிவில்தான் அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். அந்த இலக்கின் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் பொட்டு. ஒலிம்பிக் ரைபிளில் தொலைநோக்கி பொருத்த விதியில் இடமில்லை. அந்தக் காசில் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுங்கள்.