லைன் கிளியர் இல்லை

எங்கள் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று, "தம்பிக்கு என்ன வேலை?" என்று என் அம்மா கேட்டாள். "கோடு எழுதுறேன் பாட்டி" என்றார். அம்மா அசந்துபோனாள். மார்கழி மாதம் முழுக்கத் தெருவை அடைத்துக் கோலம் போட்டவள் அவள். கோடு போடுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். விருதுநகர்–செங்கோட்டைப் பாதை மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் தொடங்கி 34 வருஷம் கொடி காட்டினேன். பெண் வீட்டில் போய்த் தங்கக் கூடாது என்பார்கள். பேத்தி பிறந்ததும் அந்தச் சட்டத்துக்கு விலக்கு கிடைத்தது. இப்போது சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் பதினான்காவது மாடியில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். ராஜீவ் காந்தி சாலை என்று பெயர்ப்பலகையில் இருக்கிறது. பலகை தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அலுவலகம் ஏழு கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள் அங்கே போயாக வேண்டும். மெட்ரோ வேலைக்குத் தோண்டிய சாலையில் அந்த ஏழு கிலோமீட்டரைக் கடந்து வீடு திரும்பும்போது அவர் முகத்தில் காசிக்குப் போய் வந்த களை இருக்கும். மீதி நாட்களில் வாசற்படிதான் எல்லை.

அவருடைய வேதம் ஒரே வரி: ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே. ஹாலில் மின்விசிறி மூன்று வருஷமாகக் 'கிரீச்' என்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவா என்றால், "சுத்துதுல்ல மாமா? விட்டுடுங்க" என்பார். ராகுகாலத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று நான் காலண்டரைக் காட்டினால் சிரிப்பார். ஆனால் அதே வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றி வெளியே அனுப்ப மாட்டார். அனுப்பினால் சனி, ஞாயிறு இரண்டும் போய்விடுமாம். எங்கள் ராகுகாலம் ஒன்றரை மணி நேரத்தோடு முடிந்துவிடும். அவருடையது திங்கள் காலை வரை நீள்கிறது.

போன மாதம் என் மனைவி உப்பு டப்பாவை வலது அலமாரியிலிருந்து இடதுக்கு மாற்றிவிட்டாள். வீடே அதிர்ந்தது. "யார் மாத்தினது? எதுக்கு மாத்தினது? மாத்தினா ஒரு வரி எழுதி வைக்கக் கூடாதா அத்தை?" அவளும் சளைத்தவள் இல்லை. பால் கணக்கு எழுதும் தாளில் ஒன்றைக் கிழித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்: "உப்பு. வலதிலிருந்து இடதுக்கு. மாற்றியது நான். காரணம், கை எட்டவில்லை." மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்தார். கண் கலங்காத குறை. "எங்க டீம்ல பன்னிரண்டு பேர் இருக்காங்க அத்தை, ஒருத்தனுக்கும் இப்படி எழுத வராது" என்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். மாமியார் மெச்சிய மருமகன் ஊரில் உண்டு. மருமகன் மெச்சிய மாமியாரை இந்த வீட்டில்தான் பார்த்தேன்.

ஆனால் சமையல் விஷயத்தில் இருவருக்கும் ஒத்துவராது. "உப்பைப் பார்த்துப் போடுங்க" என்று அவள் சொன்னால், "பார்த்துன்னா எத்தனை கிராம்?" என்பார். "தேங்காய் ஒரு மூடி" என்றால், பெரிய தேங்காயா, சின்னதா, அழுகியிருந்தால் என்ன செய்வது, கடையில் தேங்காயே இல்லாவிட்டால் குழம்பை நிறுத்திவிடுவதா என்று நான்கு கேள்வி வரும். எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கி முடிப்பதற்குள் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். காலையில் காபி மட்டும் அவர் பொறுப்பு. நகைக்கடைத் தராசு போல ஒன்று வைத்துக்கொண்டு தூளை இருபது கிராம் நிறுத்து, கைபேசியில் மணி வைத்து டிகாஷன் இறக்குவார். என் மனைவியின் தீர்ப்பு தினமும் ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு. ஆறிப்போச்சு."

பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் கீபோர்டு என்பார். வாசிக்கிற கீபோர்டு என்று நினைத்துப் பேத்தியின் பாட்டு டீச்சர் ஒருநாள் ஏமாந்தார். இது தட்டுகிற கீபோர்டு. நாலு வைத்திருக்கிறார். ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு சுவிட்ச். நீல சுவிட்ச் சத்தம் போடும், சிவப்பு போடாது, பழுப்பு இரண்டுக்கும் நடுவே. விசைகளைப் பிடுங்கி, எண்ணெய் தடவி, திருப்பி மாட்டுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கடைசியாக வாங்கியது பன்னிரண்டாயிரம் ரூபாய். தட்டிக் காண்பித்தார். 'சட சட சட' என்றது. தென்காசியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தபோது ஹால்டா மெஷின் இதே சத்தம்தான் போட்டது. அங்கே மாதச் சம்பளம் கொடுத்து அதைக் கேட்டோம். சத்தம் வராத இயந்திரம் செய்ய உலகம் நூறு வருஷம் பாடுபட்டது, இவர் பன்னிரண்டாயிரம் கொடுத்து அதைத் திரும்ப வாங்கியிருக்கிறார். அதைக்கூட மன்னிப்பேன். நான் ஹையர் பாஸ் செய்தவன், பத்து விரலால் அடிப்பேன். மாப்பிள்ளை அடிப்பது நாலே விரலால்.

அவருக்கு எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. அது தொழில்தர்மமாம். யு.கே.ஜி. படிக்கும் பேத்திக்கும் அது ஒட்டிக்கொண்டது. கண்ணாமூச்சியில் "பூஜ்ஜியம், ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறாள், ஒளிகிற பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு நொடி லாபம். கோயிலில்தான் சங்கடம். நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். என் மகள் ஒன்பது என்று நின்றாள், மாப்பிள்ளை எட்டு என்று நின்றார். இரண்டு பேரும் சுற்றியது ஒரே எண்ணிக்கைதான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். சனி பகவான் முன்னால் நின்று எட்டு என்று சொல்லலாமா என்று அவள் கேட்டாள். கடைசியில் சந்தேகத்துக்கு ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டு வந்தார்கள். ஒன்றில் தவறுவது அவர்கள் தொழிலில் மிகப் பழைய வியாதி என்று ஆட்டோவில் வரும்போது எனக்கு விளக்கினார்.

எங்கள் இருவருக்கும் பேச்சு ஒட்டியது ஒரு பூச்சியால். அவர் வேலையில் பிழைக்குப் 'பக்' என்று பெயர். 1947 செப்டம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் டூ என்ற ராட்சதக் கணிப்பொறியின் ரிலேக்குள் ஒரு விட்டில் பூச்சி சிக்கி இயந்திரம் தகராறு செய்ததாம். அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினார்களாம். சொல் அதற்கு முன்பே இருந்ததுதான், நிஜப் பூச்சி மாட்டியது அன்றைக்குத்தான் என்றார். "இதென்ன பிரமாதம்" என்றேன். ரிலே ரூமில் பல்லி விழுந்து சிக்னல் சிவப்பிலேயே நின்ற கதைகளை ரயில்வேக்காரன் எவனும் மணிக்கணக்கில் சொல்வான். நாங்கள் பல்லியைப் பதிவேட்டில் ஒட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து அவருக்கு என் மேல் மரியாதை கூடியது. ராத்திரி இரண்டு மணிக்குக் கைபேசி அலறி அவர் எழுந்து உட்கார்ந்தால் நானும் எழுந்துவிடுவேன். நைட் டியூட்டிக்காரனின் வலி நைட் டியூட்டிக்காரனுக்குத் தெரியும்.

இனி பயண விஷயம். பேத்திக்குக் காது குத்த வேண்டும். மாப்பிள்ளையின் குலதெய்வம் கடையநல்லூரிலிருந்து மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குத்தான் குடும்பம் கூடும். ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும் என்பது வழக்கம். பங்குனி உத்திரம் மார்ச்சிலோ ஏப்ரலிலோ வந்து நிற்கும். மாப்பிள்ளையின் கம்பெனிக்கு மார்ச் 31 கணக்கு முடிக்கும் நாள். சாஸ்தாவுக்கும் அந்தக் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு வயது போயிற்று. மூன்று வயதும் போயிற்று. "எப்பத்தான் மாப்பிள்ளை உங்களுக்குத் தோது?" என்று கேட்டேன். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் பழைய கணிப்பொறிகள் 2038 ஜனவரி 19 அன்று நம்மூர் நேரம் காலை 8:44க்கு எண்ண இடமில்லாமல் திணறும் என்றும், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிசெய்தாக வேண்டும் என்றும் ஒரு விளக்கம் வந்தது. அதற்குள் பேத்திக்குக் கல்யாண வயது வந்துவிடும் என்று மகள் உள்ளேயிருந்து சொன்னாள்.

நானும் விடவில்லை. "தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஜோஹோ கம்பெனியே உட்கார்ந்திருக்கு. உங்க ஆளுங்க அங்கே வயக்காட்டைப் பார்த்துக்கிட்டு வேலை செய்யறாங்க" என்றேன். "அது அவங்க நெட்வொர்க் மாமா" என்றார்.

ஐந்தாவது வயதில் சாஸ்தாவே மனம் வைத்தார். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டோம். மாப்பிள்ளை முதலில் போட்டது திரும்பி வருகிற டிக்கெட். அவர் பெட்டியைக் கட்டியதைச் சொல்லியாக வேண்டும்: இரண்டு சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு கம்பெனி சிம், செங்கல் கனத்தில் ஒரு பவர் பேங்க், கீபோர்டுகளில் சத்தம் போடாதது ஒன்று. வேட்டி? மறந்துவிட்டார். சட்டைகளுக்கு நடுவே மகள் செருகி வைத்தாள். எழும்பூரில் வண்டி நகர்ந்ததும் "மாமா, இனிமே இறங்க முடியாதுல்ல?" என்று கேட்டார். தாம்பரம் வரும் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தாம்பரம் தாண்டும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

காது குத்து நன்றாக நடந்தது. தாய்மாமன் மடியில் பேத்தி கத்திய கத்தலில் மேற்குத் தொடர்ச்சி மலை எதிரொலித்தது. பொங்கல் பொங்கி இறக்குகிற நேரத்தில் மாப்பிள்ளையின் கைபேசி துடித்தது. சென்னையில் ஏதோ நின்றுவிட்டது. கோயிலில் சிக்னல் இல்லை, குளத்துக் கரையில் ஒரு பனைமரத்தடியில் மட்டும் இரண்டு கோடு காட்டியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். அரை மணி, முக்கால் மணி. பூசாரி தாத்தா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சாப்பிட வராம இங்க இருக்கே?"

"ஒரு இடத்துல அடைச்சுக்கிச்சு தாத்தா. பின்னால எல்லாம் வந்து தேங்கி நிக்குது. எடுத்துவிட்டுக்கிட்டு இருக்கேன்."

தாத்தா குளத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "மடையா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. தண்ணீர் போகிற மடையைத்தான் சொல்கிறார், குளத்துக்கு நாலு மடை உண்டு, அதில் ஒன்று அடைத்துக்கொண்டதா என்று கேட்கிறார் என்று நான் ஓடிவந்து விளக்க வேண்டியிருந்தது. தாத்தா அதற்குள் வழியும் சொல்லிவிட்டார்: "தேங்கின பக்கமே கையை விட்டுத் துழாவாதே. மேல வரத்து எங்கே இருக்கு, அதை முதல்ல மட்டுப்படுத்து. தண்ணி வடியும், அடைப்பு தானே தெரியும்." மாப்பிள்ளை ஒரு நிமிஷம் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலு விரலால் எதையோ தட்டினார். பத்து நிமிஷத்தில் இலைக்கு வந்துவிட்டார். இப்போது அவர் அலுவலகத்தில் எங்கேனும் அடைத்துக்கொண்டால், "எந்த மடை?" என்றுதான் கேட்கிறார்களாம்.

திரும்பி வந்த அன்று ராத்திரி, மனைவியிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனா ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி. ஊரையெல்லாம் அனுப்பிவைப்பார், தான் மட்டும் பிளாட்பாரத்தை விட்டு இறங்க மாட்டார்."

அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க மட்டும் என்ன? வருஷா வருஷம் சர்க்கார் இலவசப் பாஸ் கொடுத்தான். 34 வருஷத்துல என்னை எங்கே கூட்டிக்கிட்டுப் போனீங்க?"

திருச்செந்தூர் என்றேன். அது அவள் அண்ணன் கூட்டிப்போனதாம்.

மறுநாள் காலை ஏழு ஐம்பத்தைந்துக்கே மாப்பிள்ளை என் பாஸ் விவரம் எல்லாம் போட்டுத் தயாராக உட்கார்ந்தார். ரயில் முன்பதிவை அறுபது நாளுக்கு முன்னால் எட்டு மணிக்குத் திறப்பார்கள். சரியாக எட்டுக்கு அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கீபோர்டில் தட்டினார். காசிக்கு இரண்டு பேர். வெயிட்டிங் லிஸ்ட் 14, 15.