டென்ஷன் பார்ட்டி

பி.பி. 160-ஐத் தொட்டால் டென்ஷன். தொப்பை பெல்ட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தால் டென்ஷன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா தின்றதும் டென்ஷன். திருப்பூர் ராயபுரத்துச் சந்தில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் முதலாளியிடம் டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "எல்லாம் டென்ஷனுங்க சார், மத்தபடி ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுங்க." சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருக்கும். அது டென்ஷனுக்காகப் பிடிப்பது என்பதால் கெட்ட பழக்கக் கணக்கில் வராது. டென்ஷன் குறையத்தான் காலையில் நடக்கவும் நடக்கிறார். நடை முழுக்கக் காதில் போன். டையிங்கிலிருந்து துணி வரவில்லை, செக்கிங்குக்கு ஆள் வரவில்லை, பையர் போனை எடுக்கவில்லை என்று அவர் போடும் சத்தத்தில் தெருநாய்கள் ஒதுங்கி வழிவிடும். கத்திக் களைத்த உடம்புக்கு பேக்கரியில் ஒரு டீ, சூடாக ஒரு வெஜ் பப்ஸ். நடந்து கரைத்த கலோரி முதல் கடியிலேயே திரும்பி வந்துவிடும். ஒற்றை பப்ஸோடு எழுந்து போகிற வழக்கமும் அவருக்கு இல்லை.

அவர் சொல்வது முழுப் பொய்யில்லை என்பதுதான் சிக்கல். சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களில் அடக்கியது. மன அழுத்தம் அந்த ஒன்பதில் ஒன்று. புகை, ரத்தக்கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, காய்கனி பக்கமே போகாத சாப்பாடு எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. நம்மவர் ஒன்பதையும் ஒரே பில்லில் டென்ஷன் பேரில் எழுதிவிடுகிறார். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிட சுமார் ஆறு ஆண்டு முந்தியே வருகிறது என்பதும் அந்த ஆய்வின் கணக்குதான்.

"2011-இல் கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு, 2022-இல் நூல் விலை ஏறுச்சு, 2025-இல் அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டான், டென்ஷன் ஆகாம என்னங்க பண்றது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. டிரம்ப் போட்ட வரியை மூச்சுப்பயிற்சி செய்து இறக்கியிருக்க முடியாது. ஆனால் அந்த வரி பப்ஸை வாயில் கொண்டுவந்து திணிக்கவும் இல்லை. பப்ஸுக்குப் போகும் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-இலேயே விதி வந்துவிட்டது. மைதாவுக்கும் உப்புக்கும் அப்படி ஒரு விதி வரவில்லை. நல்ல சாப்பாட்டுக்கு நேரமில்லை என்பது அடுத்த வாதம். கொள்ளுப் பருப்பும் கம்பங்கூழும் கீரைக் கடைசலும் கொங்கு நாட்டு வீடுகளில் நேற்று வந்த சமையலா? அவர் வீட்டிலேயே ஆகிறது. இவர் வருவதற்குள் ஆறிப்போகிறது. பதிலுக்கு, அடைப்பை நீக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த பூண்டு, இஞ்சி, எலுமிச்சைக் கஷாயத்தை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, டாக்டர் எழுதிய கொழுப்பு மாத்திரையை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

சிரித்துக்கொண்டே விட்டுவிட முடியாத இடம் ஒன்று உண்டு. டென்ஷன் என்பது முதலாளி சாதிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து என்று அவர் நம்புகிறார். லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய 'வொய்ட்ஹால்' ஆய்வில் இதய நோயால் அதிகம் செத்தவர்கள் மேலதிகாரிகள் இல்லை, கடைநிலை ஊழியர்கள். விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அவர்களிடையே புகைப்பழக்கம் அதிகம் என்பதைக் கழித்துப் பார்த்தும் இடைவெளி மூடவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தானே முடிவு செய்ய முடியாதவருக்கு இதய நோய் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. லண்டன் குமாஸ்தாவுக்கே இந்தக் கதி என்றால், ஷிப்மெண்ட் நெருங்கியதும் விடிய விடிய ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற டெய்லரின் நெஞ்சை யார் சோதித்தார்கள்? "நைட்டு நின்னு முடிச்சுக் குடுத்துட்டுப் போ கண்ணு" என்று வார்த்தை இனிப்பாகத்தான் வரும். முடியாது என்றால் சனிக்கிழமைச் சம்பளம் கசக்கும். பனியனைவிட டென்ஷனை அவர் நன்றாக ஏற்றுமதி செய்கிறார். அதற்கு வரியும் கிடையாது.

இத்தனைக்கும் டென்ஷன் என்று அவர் ஒருபோதும் சொல்லாத நோய் ஒன்று இருக்கிறது. நெஞ்சு நடுவே பாரம் வைத்தாற்போல் அழுத்தி, இடக்கை வலித்து, வேர்த்துக் கொட்டினால் அதற்குப் பேர் 'கேஸ்'. அந்த நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் காசில்லாமல் உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். துணியில் ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் பீஸைத் தூக்கி எறிகிறவர், நெஞ்சு வலியைச் செக்கிங்கே இல்லாமல் பாஸ் பண்ணிவிட்டு, நைட் ஷிப்ட் டெய்லரைக் கூப்பிட்டு ஒரு கோலி சோடா வாங்கி வரச் சொல்வார்.