கொல்லிமலையில் ஒரு சிக்கனம்

ஹைப்ரிட் கார் வாங்கிய குடும்பத் தலைவர் சாலையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார். இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிடுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். அந்தக் கடைசி 0.24-ஐயும் விட மனமில்லாமல் டயரில் காற்றை விறைக்க விறைக்க அடிக்கிறார். உருளும்போது இழுவை குறையும், உண்மைதான். பிடிமானமும் குறையும், ஆனால் அது திரையில் வராதே!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் சேர்த்த வேகத்தை வளைவுக்காக வீணாக்கலாமா? பின்சீட்டில் அத்தை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி குலதெய்வத்தை அழைக்கிறார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பேட்டரி சார்ஜ் ஆகிறதென்று இவருக்கு ஏகக் குஷி. அது நிறைந்துவிட்டால் அதற்குமேல் ஏறாது என்பதை யார் போய்ச் சொல்வது?

ஏசியையும் அணைத்துவிட்டார். கேட்டால், மலைக்காற்று உடம்புக்கு நல்லதாம்.